எழுத்துக் கூட்டினால் சொல் வருமா?

சாக்கோட்டையின் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எஸ், ஏ, இரண்டு கே, ஓ, இரண்டு டீ, கடைசியில் ஏ, ஐ என்று வரும். கும்பகோணத்துக்குப் பக்கத்திலும் ஒரு சாக்கோட்டை உண்டு. நான் சொல்வது காரைக்குடி வட்டத்தில், புதுவயலை அடுத்த செட்டிநாட்டுச் சாக்கோட்டை. இங்கே வளரும் பிள்ளைக்கு ஆங்கில எழுத்துகள் பாடப்புத்தகத்துக்கு முன்பே அறிமுகமாகிவிடுகின்றன. ஊர்ப் பலகைகளில் காரைக்குடி, கண்டனூர், பள்ளத்தூர், கோட்டையூர். கடை வாசலில் முதலாளியின் பெயர். அடையாள அட்டையில் தன் பெயர். அக்காவின் கைபேசியில் ஆங்கில எழுத்தில் வந்து விழும் தமிழ்ச் செய்தி. இவை எல்லாமே ஆங்கில உடுப்புப் போட்ட தமிழ்தான். இந்த எழுத்துமுறைக்கென்று ஓர் ஒழுங்கும் இருக்கிறது. ஏ-யும் ஐ-யும் சேர்ந்தால் 'ஐ'. டீ-யும் ஹெச்-சும் சேர்ந்தால் 'த்'. யு வந்தால் 'உ'.

அந்த ஒழுங்கை யாரும் சொல்லித் தராமலே பிள்ளை பிடித்துக்கொள்கிறது. பிறகு வகுப்பில் மழைக்கான ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறது: ஆர்-ஏ-ஐ-என். சாக்கோட்டையின் முடிவில் வரும் அதே ஏ-ஐ. ஆனால் டீச்சர் 'ரெயின்' என்கிறார். மூன்று என்ற எண்ணுக்கான சொல்லில் டீ-ஹெச் வருகிறது; பள்ளத்தூரின் 'த்' அங்கே கிடையாது, நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை ஊதும் வேறோர் ஒலி இருக்கிறது. காரைக்குடியின் 'கு'வில் வரும் யு, 'கப்' என்ற சொல்லில் 'அ'வாகிவிடுகிறது. பிள்ளைக்குப் புத்தி போதவில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது ஒழுங்கைத் தேடித்தான் வந்தது. கிடைத்த ஒழுங்கு வேறொரு மொழியுடையது என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

தமிழில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளையை 'எழுத்துக் கூட்டிப் படி' என்போம். ப, ட, ம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் 'படம்' தானாக வாயில் வந்துவிடும். எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் ஒன்றாக இருப்பதால் வரும் வசதி இது. இதே பழக்கத்தில் ஆங்கிலத்தையும் கூட்டச் சொல்கிறோம். 'சி-ஏ-டீ கேட், கேட்டுன்னா பூனை' என்று வகுப்பே தலையாட்டிப் பாடுகிறது. சி, ஏ, டீ என்ற மூன்று பெயர்களை எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'சியேடீ' என்றுதான் வரும், பூனை வராது. ஆகவே பிள்ளை மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறது: எழுத்துப் பெயர்கள், சொல், பொருள். நூறு சொற்கள் வரைக்கும் இது தாங்கும். நான்காம் வகுப்பில் பாடம் நீண்டதும் மனப்பாடம் கைவிட்டுவிடும். அந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கத் தொடங்குகிறார்கள்.

ஃபோனிக்ஸ் என்று நாம் கேள்விப்படும் முறை எழுத்தின் பெயரை ஒத்திப்போட்டு ஒலியை முதலில் தருகிறது. சி என்ற எழுத்தைக் காட்டி 'க்' என்பார்கள். ஏ-வைக் காட்டி, 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் இடைப்பட்ட ஒலியைச் சொல்வார்கள். டீ-யைக் காட்டி 'ட்'. மூன்றையும் இழுத்துச் சேர்த்தால் சொல் வருகிறது. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளைச் சமாளிக்கும் மொழி ஆங்கிலம். அதனால் எஸ்-ஹெச், சி-ஹெச், டீ-ஹெச் போன்ற ஜோடிகளையும் தனி ஒலிகளாகவே சொல்லித் தருவார்கள். முறை இவ்வளவுதான். ஆனால் இது வேலை செய்ய வேண்டுமானால் பிள்ளையின் காது ஒரு சொல்லைத் தனித்தனி ஒலிகளாக உடைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது தானாக வந்துவிடாது.

1979இல் ஜோசே மொராய்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் போர்ச்சுகலில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் ஒரு சின்ன வேலையைக் கொடுத்தார்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் எடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும். அல்லது முன்னால் ஓர் ஒலியைச் சேர்க்க வேண்டும். வாழ்நாள் முழுக்க நன்றாகப் பேசிப் பழகியவர்களால் அதைச் செய்ய முடியவில்லை. அதே ஊர்ப்புறத்தில் வயது வந்தபின் எழுத்துக் கற்றவர்கள் பெரும்பாலும் செய்தார்கள். ஒலியன் எனப்படும் தனி ஒலியைக் காதால் பிரிப்பது பேச்சோடு வருவதில்லை, எழுத்தோடு வருகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. இந்தியாவில் சொனாலி நாக் கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து 2007இல் எழுதியபோது இன்னொன்று தெளிவாயிற்று. நம் எழுத்துகள் அசை அளவில் அமைந்தவை. 'கி' என்ற ஓர் எழுத்துக்குள் மெய்யும் உயிரும் சேர்ந்தே இருக்கின்றன. இப்படிப்பட்ட எழுத்தில் படிக்கும் பிள்ளைக்கு அசையைப் பிரிக்கும் திறன் விரைவாக வருகிறது, ஒலியனைப் பிரிக்கும் திறன் மெதுவாகவே வருகிறது.

சாக்கோட்டைப் பிள்ளையின் சிக்கலுக்கு வேர் இங்கே இருக்கிறது. 'கிட்' என்று சொல்லி 'முதல் ஒலி என்ன' என்று கேட்டால் அது 'கி' என்னும். தமிழ்ப்படி அது சரியான பதில். ஆங்கில வகுப்பு 'க்' என்ற பதிலை எதிர்பார்க்கிறது.

ஆனால் இதற்கான மருந்தும் நம் வீட்டிலேயே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. க்-கும் இ-யும் புணர்ந்தால் 'கி' என்பது தமிழ் இலக்கணத்தின் அரிச்சுவடி. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளியைச் சொல்கிறது. உயிர் ஏறாத தனி மெய்யை இவ்வளவு தெளிவாகக் காட்டும் குறி நம் கையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. இந்தியிலும் கன்னடத்திலும் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டெழுத்தாகிவிடும். தமிழில் ஒவ்வொரு மெய்யும் தலையில் புள்ளியோடு தனியே நிற்கிறது. ஆகவே இந்திய எழுத்துகளுள் தமிழ்தான் ஆங்கிலத்தைப் போன்ற ஒலியன் எழுத்துமுறைக்கு மிக அருகில் இருப்பவற்றில் ஒன்று. க், இ, ட் என்று கரும்பலகையில் புள்ளி வைத்து எழுதிக் காட்டிவிட்டு, அதற்கு நேர் கீழே கே, ஐ, டீ என்று எழுதினால், ஃபோனிக்ஸின் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. எந்த இறக்குமதிப் பெட்டியும் வேண்டியதில்லை.

நாம் இதை ஏன் பயன்படுத்தவில்லை? தமிழ் வகுப்பிலும் க, கா, கி, கீ என்று வரிசையாக முழு வடிவத்தைத்தான் சொல்லித் தருகிறோம். 'க்' கூட்டல் 'இ' என்ற பிரிப்பு இலக்கணப் பாடமாகப் பின்னால் வருகிறது, அதற்குள் பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறத் தொடங்கியிருக்கும். அந்த ஒரு பாடத்தை முதல் வகுப்புக்குக் கொண்டுவந்தால் தமிழுக்கும் நல்லது, ஆங்கிலத்துக்கும் நல்லது. எச்சரிக்கை ஒன்று உண்டு. 'கெ', 'கே', 'கை' எழுத்துகளில் உயிர்க்குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் இரு பக்கமும் நிற்கிறது. ஆங்கிலத்தில் இடமிருந்து வலமாக ஒலி வரும் வரிசையிலேயே எழுத்தும் வரும். ஆகவே உதாரணத்துக்கு 'கெ'யை எடுக்காமல் 'கி', 'கு' போன்றவற்றில் தொடங்குவது நல்லது.

மெய்யைத் தனியே ஒலிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'க்' என்பதைப் பிள்ளைகள் 'இக்' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் எல், எம், என், எஸ் என்ற பெயர்களும் அப்படியே ஓர் உயிரை முன்னால் வைத்துக்கொண்டு நிற்பவை. உலகெங்கும் ஃபோனிக்ஸ் ஆசிரியர்கள் படும் பாடு, மெய்யோடு ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான். 'கு-இ-டு' என்று சொன்னால் 'கிட்' எப்படி வரும்? நமக்கு இந்தத் தொல்லை கூடுதல். வல்லினத்தில் முடியும் சொல்லுக்குப் பின்னால் நம் நாக்கு தானாக ஒரு குற்றியலுகரத்தை ஒட்டிவிடும். கப்பு, நெட்டு, பேக்கு. சொல்லின் தொடக்கத்திலோ மெய்யெழுத்து வராது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ஆகவே பள்ளிக்கூடம் 'இஸ்கூல்' ஆகிறது, தட்டு 'பிளேட்' ஆகி ஓர் 'இ'யை நடுவில் வாங்கிக்கொள்கிறது. இவற்றைத் தவறு என்று திருத்திக்கொண்டே இருந்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். தமிழ் நாக்குக்கு இது இயல்பு என்று ஆசிரியர் தெரிந்துவைத்திருந்தால் போதும். இரண்டு மெய் சேர்ந்து தொடங்கும் சொற்களைப் பின்னால் தள்ளிவைத்துக்கொள்வார்.

பி என்ற இரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். பந்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பி, பேனாவுக்கு இன்னொரு பி. நான் இங்கே இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. அதுவே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. தமிழில் 'ப' ஒன்றுதான். 'பால்' என்னும்போது ஒருவிதமாகவும் 'அம்பு' என்னும்போது வேறுவிதமாகவும் அது ஒலிக்கும். இடத்தைப் பொறுத்து மாறுவதால் தனி எழுத்துத் தேவைப்படவில்லை. ஆனால் இன்றைய பிள்ளையின் பேச்சில் இரண்டும் சொல்லின் முதலிலேயே வருகின்றன. 'பாட்டு' என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் 'பாட்டில்' என்று சொல்லிப் பாருங்கள். 'தொண்டையில கைய வச்சுக்கிட்டுச் சொல்லு கண்ணு' என்று டீச்சர் சொன்னால், பாட்டிலுக்கு உதடு திறக்கும் முன்பே தொண்டை அதிர்வது விரலுக்குத் தெரியும்; பாட்டுக்குத் தெரியாது. 'டீ', 'டி' வேறுபாட்டையும் 'கே', 'ஜி' வேறுபாட்டையும் இதே விரலால் பிடித்துவிடலாம். காதுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

உயிரொலிகளில்தான் உண்மையான பற்றாக்குறை. பூனைக்கான சொல்லையும் வாசல் கதவுக்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கேட்' என்றே வரும். பூனையில் உள்ள உயிரொலி நம் பன்னிரண்டில் இல்லை. வாயை 'ஆ'வுக்குப் போலத் திறந்து 'எ'வுக்குப் போல உதட்டை விரிக்க வேண்டும். ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் முதல் சொற்கள் இந்த ஒலியைக் கொண்டவையாகவே இருக்கின்றன. கடினமானதை வாசற்படியிலேயே வைத்துவிடுகிறோம்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்காக நடந்த அநாதை விடுதிக்கு 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். ஆங்கில எழுத்தைப் பிள்ளைகள் கற்க எடுத்துக்கொள்ளும் காலம் அவருக்கு மலைப்பாக இருந்தது. வெளியே நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் தட்டிக்கழித்ததால், ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை ஒப்படைத்தார். அவன் மணலில் சொல்லிக் கொடுத்தான், பிள்ளைகள் கற்றார்கள். 1797இல் லண்டனில் பெல் அதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. ஆங்கில எழுத்தை ஆங்கிலேயருக்கே சொல்லித் தந்ததில் திண்ணைப் பள்ளி மணலுக்கும் பங்கு உண்டு. 1930களில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹாமும், வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்காகக் கண், காது, கை மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார்கள். ஒலியைச் சொல்லிக்கொண்டே மணல் தட்டில் எழுத்தை வரைவது இன்று அந்த வழிவந்த ஆசிரியர்களின் வழக்கமான பயிற்சி. நம் ஊரில் மணலுக்குப் பஞ்சமில்லை.

இனி எழுத்துக்கூட்டலுக்கு, அதாவது ஸ்பெல்லிங்குக்கு வருவோம். ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே விழுந்த பிளவு வரலாற்றால் வந்தது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். எழுத்து மெல்ல மெல்ல உறையத் தொடங்கிய அதே காலத்தில் பேச்சில் நெட்டுயிர்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. எழுத்து நின்றுவிட்டது, பேச்சு நடந்துவிட்டது. கத்திக்கான சொல்லின் முதலில் நிற்கும் கே ஒரு காலத்தில் வாயால் ஒலித்த கே-தான். இந்தச் சுமையை ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகளே தூக்கச் சிரமப்படுகிறார்கள். ஃபிலிப் சீமோரும் மற்றவர்களும் 13 ஐரோப்பிய மொழிகளின் பிள்ளைகளை ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் முதல் ஆண்டு முடிவில் பெரும்பாலான மொழிகளின் பிள்ளைகள் எளிய சொற்களைப் பெருமளவுக்குச் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலப் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கைத்தான் வாசித்தார்கள். நம் பிள்ளை திணறுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

அதற்காக ஆங்கில எழுத்து முழுக்கத் தாறுமாறு என்று கைவிரிக்கவும் கூடாது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பால் ஹான்னா குழுவினர் 1966இல் 17,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கணினியில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒலி விதிகளை மட்டும் வைத்தே ஏறத்தாழப் பாதிச் சொற்களைக் கணினி சரியாக எழுதியது. மீதியிலும் பெரும்பகுதியில் ஓர் ஒலியில் மட்டுமே தவறியது. ஆனால் எந்த விதியைச் சொல்லித் தருவது என்பதில் கவனம் வேண்டும். தியோடர் கிளைமர் 1963இல், வகுப்பறையில் வழங்கும் 45 விதிகளை எடுத்து, சின்ன வகுப்புச் சொற்களில் எத்தனை முறை அவை பலிக்கின்றன என்று எண்ணினார். இரண்டு உயிரெழுத்து சேர்ந்து வந்தால் முதலாவது மட்டும் பேசும் என்ற பிரபலமான பாட்டு விதி 45 சதவீதமே பலித்தது. சொல்லின் கடைசியில் நிற்கும் ஈ ஊமையாகி முன்னுள்ள உயிரை நீட்டும் என்ற விதி 63 சதவீதம். சி-க்குப் பின்னால் ஈ அல்லது ஐ வந்தால் 'ஸ்' என்று ஒலிக்கும் என்ற விதியோ 96 சதவீதம். பாதி நேரம் பொய்க்கும் விதியைப் பாட்டாகச் சொல்லித் தருவது பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுப்பது. அதைப் பாடத்திலிருந்து எடுத்துவிடலாம் என்பதே என் கருத்து.

பலிக்கும் விதிகளைத் தமிழ் வழியாகச் சொன்னால் எவ்வளவு எளிதாகிறது என்பதற்கு ஓர் இடத்தைக் காட்டுகிறேன். ஓடுவதற்கான சொல் ஆர்-யு-என். அதோடு ஐ-என்-ஜி சேர்த்தால் நடுவில் என் இரட்டிக்கிறது. மழைக்கான சொல்லோடு ஐ-என்-ஜி சேர்த்தால் என் இரட்டிப்பதில்லை. ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு 'அது அப்படித்தான்' என்றே பதில் கிடைக்கிறது. இப்போது தமிழைப் பாருங்கள். பல் என்பதோடு 'இல்' சேர்ந்தால் பல்லில். பால் என்பதோடு 'இல்' சேர்ந்தால் பாலில். கண், கண்ணை, மான், மானை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். நெடிலை அடுத்தது இரட்டிக்காது. ஆங்கில விதியும் இதே வடிவம்தான்: குறில் ஓசை கொண்ட ஓரசைச் சொல், ஒற்றை மெய்யில் முடிந்து, உயிரில் தொடங்கும் விகுதியை ஏற்றால் மெய் இரட்டிக்கும். சிட், சிட்டிங்; கட், கட்டிங். நெடில் ஓசை உள்ள ஈட், ஈட்டிங் இரட்டிப்பதில்லை. இன்னும் ஒரு படி போகலாம். 'அவன்' என்பதில் ன்-க்கு முன்னால் குறில்தான் இருக்கிறது, ஆனாலும் 'அவனை' என்கிறோம். தனிக்குறில் இல்லை என்பதால். ஆங்கிலத்திலும் 'விசிட்' என்ற இரண்டு அசைச் சொல் 'விசிட்டிங்' ஆகும்போது எழுத்தில் ஒரே டீ-தான். (ஈரசைச் சொற்களில் அழுத்தம் விழும் இடத்தைப் பொறுத்து இது மாறும், 'பிகின்' என்ற சொல்லில் என் இரட்டிக்கும். அதெல்லாம் மேல் வகுப்புக்கு.)

ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. 'பல்லில்' என்னும்போது ல் இரட்டிப்பது காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் விழாது. அங்கே இரண்டாவது மெய், முன்னால் உள்ள உயிரைக் குறிலாகவே வைத்திருக்கும் காவல் குறி. இரவுச் சாப்பாடான டின்னரில் இரண்டு என். ஒன்றை எடுத்துவிட்டால் 'டைனர்' என்று வேறு சொல்லாகிவிடும். நம் வாயிலோ அது 'டின்னர்' என்றே அழுத்தி வருகிறது. உச்சரிப்பில் இது சிறு பிழைதான். ஸ்பெல்லிங்குக்கு உதவி செய்யும் பிழை என்பதால் சின்ன வகுப்பில் நான் அதைத் திருத்தமாட்டேன்.

ஊமை ஈ-யையும் இப்படித்தான் விளக்கலாம். கே-ஐ-டீ 'கிட்', பின்னால் ஓர் ஈ வைத்தால் 'கைட்', அதாவது பட்டம். என்-ஓ-டீ 'நாட்', ஈ வைத்தால் 'நோட்'. 'ஹேவ்', 'கிவ்' என்ற சொற்கள் இந்த விதிக்கு அடங்காமல் நிற்கின்றனவே என்றால், அவற்றில் ஈ வந்தது வேறு காரணத்துக்காக. ஆங்கிலச் சொல்லை வி என்ற எழுத்தில் முடிக்கும் வழக்கம் கிடையாது. தமிழ்ச் சொல் க், ச், த், ப் என்று முடியாதது போல அங்கும் மொழியிறுதிக் கட்டுப்பாடு இருக்கிறது. விதிவிலக்கு என்று சொல்லி ஒதுக்கியவற்றில் பல, இன்னொரு விதியின் பிள்ளைகள்.

சி என்ற எழுத்து ஏன் சில இடங்களில் 'க்', சில இடங்களில் 'ஸ்'? லத்தீனில் அது எங்கும் 'க்' தான். முன்னுயிர்களான இ, எ வரும்போது நாக்கு முன்னோக்கிச் சரிந்து ஒலி மென்மையானது. இதே சரிவு நம் மொழிக் குடும்பத்திலும் நடந்திருக்கிறது. கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. கன்னடத்தில் கிறு, தமிழில் சிறு. ஆசிரியருக்கு இது தெரிந்திருந்தால், விதியைச் சொல்லும் குரலில் ஒரு தெளிவு வந்துவிடும்.

புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே ஆங்கிலத்தில் 'ரைஸ் மில்' என்று எழுதிய பலகை கண்ணில் படாமல் போக முடியாது. அந்த இரண்டு சொற்களில் மூன்று விதிகள் இருக்கின்றன. ஆர்-ஐ-சி-ஈ: கடைசி ஈ ஊமையாகி ஐ-யைத் தன் பெயர் சொல்ல வைக்கிறது, அதே ஈ சி-யை 'ஸ்' ஆக்குகிறது. எம்-ஐ-எல்-எல்: குறிலுக்குப் பின் சொல்லிறுதியில் எல் இரட்டித்திருக்கிறது. ஒரு பெயர்ப் பலகையை வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தலாம். பிள்ளையின் அப்பாவோ சித்தப்பாவோ அந்த ஆலையில் வேலை பார்ப்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

மேலைநாடுகளில் ஃபோனிக்ஸ் முறையைச் சுற்றிப் பெரிய சண்டை நடந்தது. 1955இல் ருடால்ஃப் ஃப்ளெஷ் அமெரிக்கப் பள்ளிகள் சொற்களைப் படம் போலப் பார்த்து மனப்பாடம் செய்யச் சொல்வதைக் கடுமையாகத் தாக்கினார். பிறகு கென்னத் குட்மன் முதலியோர், பேச்சைப் போலவே வாசிப்பும் இயல்பாக வரும், நல்ல கதைகளைக் கையில் கொடுத்தால் போதும் என்றார்கள். 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, ஒழுங்காகப் படிப்படியாக ஒலிகளைக் கற்பிப்பது பலன் தருகிறது என்று முடிவு சொன்னது. இங்கிலாந்து 2012 முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு 40 சொற்கள் கொண்ட ஒரு சோதனை வைக்கிறது. அதில் 20 சொற்கள் பொருளே இல்லாத பொய்ச்சொற்கள். மனப்பாடத்தால் தப்பிக்க முடியாது, கூட்டித்தான் வாசிக்க வேண்டும்.

அந்தப் பொய்ச்சொற்களை நினைக்கும்போதுதான் எனக்குச் சாக்கோட்டைப் பிள்ளை நினைவுக்கு வருகிறது. அதற்கு ஆங்கிலப் பாடத்தின் பெரும்பாலான சொற்கள் பொய்ச்சொற்கள்தான். கூட்டிச் சரியாக வாசித்துவிடும், பொருள் தெரியாது. ஃபிலிப் கஃபும் வில்லியம் டன்மரும் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன், கேட்டுப் புரியும் திறன், இரண்டையும் பெருக்கினால் வாசிப்பு. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். லண்டன் பிள்ளைக்கு ஒலியாக்கினால் போதும், சொல் ஏற்கெனவே காதில் இருக்கிறது. நம் பிள்ளைக்கு இரண்டாவது எண் சிறியது. ஃபோனிக்ஸ் மட்டும் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. பாட்டும் கதையும் பேச்சுமாக ஆங்கிலம் காதில் விழ வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. கொரோனாக் கால இடைவெளியை ஈடுகட்ட 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தமிழ், கணக்கோடு ஆங்கிலத்தையும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுத்துக்கொண்டு, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. பாடலும் அட்டையும் பொம்மையுமாக நடக்கும் வகுப்புகளில் ஒலிகளுக்கும் இடம் கிடைத்தது நல்ல செய்தி. அதில் எந்த ஒலியை முதலில் எடுப்பது என்பது இன்னும் நம் பிள்ளையை மனத்தில் வைத்து யோசிக்க வேண்டிய கேள்வி.

பிரிட்டனில் புகழ்பெற்ற ஒரு வரிசை எஸ், ஏ, டீ, ஐ, பி, என் என்று தொடங்குகிறது. குறைந்த எழுத்துகளில் நிறையச் சின்னச் சொற்கள் கிடைக்கும் என்பது அதன் காரணம். அதில் இரண்டாவதாக நிற்கும் ஏ நமக்கு இல்லாத உயிரொலி. நான் ஐ-யில் தொடங்குவேன். அது நம் 'இ'. பின், டின், கிட், மில். அடுத்து நம் 'எ': பென், நெட், செட், பெட். அதன்பின் யு-வை 'அ'வாக ஒலிக்கும் சொற்கள்: பஸ், கப், கட். இவற்றில் பாதிக்கு மேல் பிள்ளையின் வீட்டுப் பேச்சிலேயே இருக்கின்றன, ஆயா பேசும் தமிழிலும் பஸ்ஸும் கப்பும் மில்லும் உண்டு. பொருள் சொல்லித் தர வேண்டியதில்லை, அந்த நேரத்தை ஒலிக்குக் கொடுக்கலாம். தான் நாள்தோறும் சொல்லும் 'பஸ்' மூன்று ஒலிகளால் ஆனது, அந்த மூன்றுக்கும் மூன்று எழுத்து உண்டு, அவற்றை இடம் மாற்றினால் 'சப்' வரும் என்று பிள்ளை ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால், பிறகு எந்தப் புதுச் சொல்லையும் கூட்டிப் பார்க்கும் துணிச்சல் வந்துவிடும். பேக், கேப், மேட் எல்லாம் இரண்டு மாதம் கழித்து வரலாம்.